ஓடிய தம்பி... நின்ற அண்ணன்! மெல்போர்ன் சந்து சொல்லும் ராக் மேடைக் கதை

மெல்போர்ன் நகரத்தின் மையத்தில், ஃபிளிண்டர்ஸ் லேனையொட்டி ஒரு சின்னச் சந்து இருக்கிறது. இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்களின் முதுகு. குப்பைத் தொட்டிகள், பின்வாசல் கதவுகள், சுவர் முழுக்கப் பெயின்ட். முதல் பார்வைக்கு, ஏதோ ஒரு ஹோட்டலின் கொல்லைப்புறத்துக்கு வழி தவறி வந்துவிட்டது போலத்தான் இருக்கும். ஆனாலும் கையில் மொபைலோடு ஆட்கள் தேடி வந்துகொண்டே இருக்கிறார்கள். வந்தவர்கள் பெயர்ப் பலகைக்குக் கீழே நின்று, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, கையில் இல்லாத கிட்டாரை வாசிப்பது போல போஸ் கொடுக்கிறார்கள். க்ளிக்!

பலகையில் இருக்கும் பெயர், 'ஏசிடிசி லேன்'.

2004 வரை இதற்குப் பெயர் 'கார்ப்பரேஷன் லேன்'. ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய ராக் இசைக்குழுவான ஏசி/டிசியின் நினைவாக, அந்த ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி பெயரை மாற்றினார்கள். குழுவின் பெயருக்கு நடுவே மின்னல் மாதிரி ஒரு கோடு உண்டு. தெருப் பெயர்களில் அப்படிக் கோடெல்லாம் போடக் கூடாது என்பது அங்கே அரசு விதி. அதனால் பலகையில் மின்னல் இல்லை. ரசிகர்கள் விடுவார்களா? பிற்பாடு ஒரு கலைஞர் தனியாக ஒரு மின்னலைச் செய்து மாட்டிவிட்டார். பலகை அடிக்கடி திருடுபோவது தனிக்கதை. ஸ்பெயினில் மாட்ரிட் நகரை அடுத்த லெகானெஸ் என்ற ஊரிலும், 2000-ல் ஒரு தெருவுக்கு இதே குழுவின் பெயரை வைத்தார்கள். அங்கேயும் பலகை வந்த வேகத்தில் காணாமல் போனது!

சரி, அந்த ஒற்றைக்கால் போஸ் யாருடையது? குழுவின் லீட் கிட்டாரிஸ்ட் அங்கஸ் யங்குடையது. அரைக்கால் சட்டை, கோட்டு, டை, தொப்பி என்று பள்ளிக்கூடப் பையன் வேஷத்தில் மேடை முழுக்க ஓடுபவர். ஒற்றைக்காலில் தத்தித் தத்திப் போகும் நடையை, அமெரிக்காவின் சக் பெர்ரியிடமிருந்து எடுத்துக்கொண்டு தனதாக்கியவர்.

அதே மேடையில், அங்கஸுக்குச் சில அடிகள் பின்னால், டிரம்ஸுக்குப் பக்கத்தில் அவருடைய அண்ணன் மால்கம் யங் இருந்தார். ஏறக்குறைய 37 ஆண்டுகள். இந்தச் சந்துக்கு வருகிறவர்களில் மால்கம் மாதிரி போஸ் கொடுப்பவர்கள் அபூர்வம். கொடுத்தாலும் போட்டோவில் தெரியாது. ஏனென்றால், அவர் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

அந்தச் 'சும்மா'வுக்குள்தான் ராக் மேடையின் பெரிய ரகசியம் இருக்கிறது.

சீருடை வந்த கதை

யங் குடும்பம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்தது. வேலை தேடி, 1963-ல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலோ விமானமோ ஏறிய ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ் குடும்பங்களில் அதுவும் ஒன்று. முதலில் தங்கியது சிட்னியின் வில்லவுட் குடியேறிகள் முகாமில். அங்கே கிடைத்த நண்பர்களோடு சேர்ந்து, அண்ணன்களில் ஒருவரான ஜார்ஜ் 'தி ஈஸிபீட்ஸ்' என்ற குழுவை ஆரம்பித்து நாடறிந்த ஆளானார். வீட்டில் எப்போதும் கிட்டார் சத்தம். 1953-ல் பிறந்த மால்கமும், 1955-ல் பிறந்த கடைக்குட்டி அங்கஸும் அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தார்கள்.

1973-ன் கடைசியில் மால்கம் ஒரு குழுவைத் தொடங்கினார். தம்பியையும் சேர்த்துக்கொண்டார். பெயர் தந்தது அக்கா மார்கரெட். தையல் மெஷினில் எழுதியிருந்த மின்சாரக் குறியீட்டை அவர் எடுத்துச் சொல்ல, அதுவே நிலைத்துவிட்டது. 1973 டிசம்பர் 31-ம் தேதி இரவு, சிட்னியில் 'செக்கர்ஸ்' என்ற கிளப்பில் அவர்களின் கச்சேரி நடந்தது.

சீருடை யோசனையும் அக்காவுடையதுதான். அங்கஸ் பள்ளிவிட்டு வந்ததும் உடைகூட மாற்றாமல் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாராம். 'இதையே மேடையில் போட்டுக்கொள்ளேன்' என்று அக்கா சொன்னது, 1974-ல் நடந்தேவிட்டது.

அன்றைய ஆஸ்திரேலியப் பப்களைத் தெரிந்தவர்களுக்கு, இது எவ்வளவு ஆபத்தான யோசனை என்று புரியும். நாள் முழுக்க உழைத்துவிட்டு பீர் குடிக்க வந்திருக்கும் முரட்டுக் கூட்டம். பாட்டுப் பிடிக்கவில்லை என்றால் பாட்டில் பறக்கும். அப்படிப்பட்ட இடத்தில், ஐந்தடியைக் கொஞ்சமே தாண்டிய ஒரு பையன் அரை டிராயரோடு வந்து நிற்கிறான்! அசையாமல் நின்றால் எறிபவர்களுக்கு இலக்காகிவிடுவோம் என்று பயந்துதான் ஓட ஆரம்பித்ததாக அங்கஸே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஓடியவர் பிறகு நிற்கவே இல்லை.

இன்னொரு வித்தையும் விபத்தில் பிறந்ததுதான். ஒருமுறை மேடையில் தடுக்கி விழுந்துவிட்டார். எழுந்தால் கூட்டம் சிரிக்கும். அதனால், விழுந்த இடத்திலேயே உருண்டு புரண்டு கைகால்களை உதறிக்கொண்டு வாசித்தார். கூட்டத்துக்கு அது பிடித்துப்போனது. தரையில் முதுகை வைத்துச் சக்கரம் போலச் சுற்றும் அந்த ஆட்டம், அதன்பின் அவருடைய முத்திரையானது.

ஸ்வான்ஸ்டன் தெருவில் ஒரு லாரி

ஏசிடிசி லேனிலிருந்து மேற்கே சில நிமிடங்கள் நடந்தால் ஸ்வான்ஸ்டன் தெரு வந்துவிடும். மெல்போர்னின் முதுகெலும்பு என்றே இந்தத் தெருவைச் சொல்லலாம். இன்று அங்கே டிராம்களும் பாதசாரிகளும்தான். கார்களுக்குப் பெரும்பாலும் வேலையில்லை. நகர மையத்துக்குள் டிராம் பயணம் இலவசம் என்பதால், கால் வலித்தால் ஏறிக்கொள்ளலாம்.

1976 பிப்ரவரி 23-ம் தேதி, இந்தத் தெருவில் ஒரு திறந்த லாரி மெதுவாக ஊர்ந்து போனது. அதன்மேல் டிரம்ஸ், ஸ்பீக்கர்கள், ஏசி/டிசியின் ஐந்து பேர், கூடவே சில பேக்பைப் கலைஞர்கள். 'இட்ஸ் எ லாங் வே டு த டாப்' பாடலுக்கான படப்பிடிப்பு. மெல்போர்ன் அப்போது அவர்களுக்கு வீடு. செயின்ட் கில்டா பகுதியில் ஒரே வீட்டில் எல்லோரும் தங்கியிருந்து, கிடைத்த மேடையிலெல்லாம் வாசித்துக்கொண்டிருந்த காலம் அப்போதுதான் முடிந்திருந்தது.

அந்தப் படத்தை இன்றும் யூடியூபில் பார்க்கலாம். முதல்முறை பார்க்கும்போது கண் போவது பாடகர் பான் ஸ்காட் மீது. கையில் பேக்பைப்பை வைத்துக்கொண்டு, யாரையோ வம்புக்கு இழுப்பது மாதிரி ஒரு சிரிப்பு! அடுத்தது அங்கஸ். இரண்டாவது முறை பார்க்கும்போது மால்கமைக் கவனியுங்கள். ஓடும் லாரியில் நிற்பதே ஒரு வேலை. அதில் தாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது இன்னொரு வேலை.

அந்தக் காலத்தில் கிட்டாரையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒரு கேபிள்தான் இணைத்திருந்தது. கேபிள் எவ்வளவு நீளமோ, அவ்வளவு தூரம்தான் ஓட்டம். பான் ஸ்காட் இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். அங்கஸைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, மிக நீளமான கேபிள் பின்னால் இழுபட, கூட்டத்துக்குள்ளேயே நடந்து போனார். 1977 வாக்கில் கென் ஷாஃபர் என்ற அமெரிக்கர் உருவாக்கிய வயர்லெஸ் கருவி அங்கஸின் கைக்கு வந்தது. கேபிள் போனது. அரங்கத்தின் எந்த மூலைக்கும் போகலாம் என்றானது. ராக் மேடைகளின் நீளமும் அகலமும் கூடியதற்கு இந்தச் சின்ன டப்பாவும் ஒரு காரணம்.

1980 பிப்ரவரியில், லண்டனில் பான் ஸ்காட் இறந்துபோனார். வயது 33. அவர் இடத்துக்கு வந்த பிரையன் ஜான்சன் வேறு மாதிரி ஆள். நெற்றியை மறைக்கும் தட்டைத் தொப்பி, இறுக்கிய முஷ்டி, கொஞ்சம் குனிந்த நடை. பாடல் ஒன்றுக்காக மேடைக்கு மேலே தொங்கவிட்ட பெரிய மணியின் கயிற்றில் தொங்கி ஆடியவர். ஏசிடிசி லேனில் இன்றும் பான் ஸ்காட்டுக்குத்தான் மவுசு. சுவரை உடைத்துக்கொண்டு வெளியே பாய்வது போன்ற அவருடைய சிலை ஒன்று அங்கே இருக்கிறது. சிலையில்கூட அவர் நிற்கவில்லை பாருங்கள்!

நிற்பவரின் வேலை என்ன?

ராக் மேடையில் எல்லோரும் ஓடினால் என்ன ஆகும்? முதலில், பார்ப்பவருக்குத் தலைசுற்றும். யாரைப் பார்ப்பது என்றே தெரியாது. பெரிய குழுக்களை எடுத்துப் பாருங்கள், ஒரு பம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு தூண் இருக்கும். 'தி ஹூ' குழுவில் பீட் டவுன்சென்ட் கையைக் காற்றாடி போலச் சுழற்றுவார், எகிறிக் குதிப்பார், கிட்டாரை உடைப்பார். அவருக்குப் பக்கத்தில் பேஸ் கிட்டாரோடு ஜான் என்ட்விசில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நிற்பார். 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவில் மிக் ஜாகர் மைல் கணக்கில் நடப்பார். பேஸ் கிட்டாரிஸ்ட் பில் வைமன் முகத்தில் ஒரு தசைகூட அசையாது. 'குயின்' குழுவின் ஃப்ரெடி மெர்க்குரிக்குப் பின்னால் ஜான் டீக்கன் டிரம்ஸை ஒட்டியே இருப்பார்.

இது வெறும் கூச்ச சுபாவம் இல்லை, இதில் கணக்கும் இருக்கிறது. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஸ்டேடியத்தில் கூட்டத்துக்கு நடுவே 50 மீட்டர் நீண்டிருக்கும் நடைமேடையின் நுனிக்கு ஓடிப்போய் நின்றால், டிரம்ஸ் சத்தம் காதுக்கு வந்து சேர ஏறக்குறைய 0.15 விநாடி ஆகும். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் வேகமான பாட்டில் அந்த இடைவெளிக்குள் தாளம் நழுவிவிடும். இதற்காகத்தான் நடைமேடையின் ஓரத்திலும் ஸ்பீக்கர் வைப்பது, காதுக்குள் கருவி மாட்டுவது எல்லாம். அந்த வசதிகள் குறைவாக இருந்த காலத்தில், ஓடுபவர் தைரியமாக ஓட வேண்டும் என்றால், டிரம்மரை விட்டு நகராத ஒருவர் வேண்டும்.

ஏசி/டிசியில் அந்த ஒருவர் மால்கம். டிரம்மர் ஃபில் ரட்டுக்கு ஒரு பக்கம் அவர், மறுபக்கம் பேஸ் கிட்டாரிஸ்ட் கிளிஃப் வில்லியம்ஸ். கோரஸ் வரும்போது இருவரும் மைக் வரைக்கும் முன்னே வருவார்கள். பாடி முடித்ததும் அப்படியே பின்னே போவார்கள். போய் நிற்கும் இடமும் மாறாது. இரவுக்கு இரவு, நாட்டுக்கு நாடு, இவ்வளவுதான் அவர்களுடைய நடமாட்டம்.

ஆரம்பத்தில் மால்கமும் சோலோ வாசித்தவர்தான். பிறகு அதைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ரிதம் கிட்டாரோடு நின்றுகொண்டார். அவருடைய கிரெட்ச் கிட்டார், அண்ணன் ஜார்ஜின் குழுவில் இருந்த ஹாரி வாண்டா கொடுத்தது. மேல் பெயின்ட்டைச் சுரண்டி மரத்தை வெளியே தெரியவிட்டார். ஒலியை வாங்கும் பிக்கப்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றினார். சாதாரணமாக ராக் கிட்டாரிஸ்ட்கள் போடுவதைவிடத் தடித்த கம்பிகளைப் போட்டார். வளைத்து நெளித்து வாசிக்க அது தோதுப்படாது. ஆனால், ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் அரங்கம் அதிரும்.

குழுவை ஆரம்பித்தவர் அவர். முடிவுகள் எடுத்தவர் அவர். பாடல்களின் எலும்புக்கூடான ரிஃப்களில் பல அவருடையவை. கூட்டத்தில் பாதிப்பேருக்கு அவர் முகம் நினைவில்லை. அதில் அவருக்கு வருத்தம் இருந்த மாதிரியும் தெரியவில்லை.

அவர் முகம் எவ்வளவு மறைந்திருந்தது என்பதற்கு 1988 ஓர் உதாரணம். குடிப்பழக்கத்திலிருந்து வெளியே வருவதற்காக, அந்த ஆண்டு அமெரிக்கப் பயணத்தின்போது மால்கம் விடுப்பு எடுத்தார். அவர் இடத்தில் நின்றவர் ஸ்டீவி யங். மூத்த அண்ணன் ஸ்டீஃபனின் மகன். சித்தப்பா அங்கஸைவிட இரண்டு வயதுகூடச் சின்னவர் இல்லை. அதே உயரம், அதே ஜாடை, அதே இடம். மாறியிருப்பது ஆள் என்பதை ரசிகர்களில் பலர் கவனிக்கவே இல்லையாம்!

ஆனால், மேடையில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

மால்கம் திரும்பி வந்தார். அதற்குப் பின் 20 ஆண்டுகள் அதே இடத்தில் நின்றார். 2008-ல் 'பிளாக் ஐஸ்' உலகப் பயணம் தொடங்கியபோது, அவருக்கு மறதி நோய் ஆரம்பித்திருந்தது. தானே உருவாக்கிய, ஆயிரக்கணக்கான முறை வாசித்த பாடல்களை, நிகழ்ச்சிக்கு முன் உட்கார்ந்து மறுபடி மறுபடி பழக வேண்டியிருந்தது. அதை அங்கஸ் பிற்பாடு வெளியில் சொன்னார். அந்தப் பயணம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நீண்டது. கோடிக்கணக்கான ரூபாய்ச் செலவில் போட்ட மேடை, பெரிய ரயில் இன்ஜின் பொம்மை, வாணவேடிக்கை. முன்னால் தம்பி வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தார். பின்னால் அண்ணன், அன்று காலையில் படித்த பாடத்தை மறக்காமல் ஒப்பித்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு அது தெரியாது. நிற்பவரை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

2010 ஜூன் 28-ம் தேதி, ஸ்பெயினின் பில்பாவோ நகரில் நடந்த நிகழ்ச்சிதான் மால்கமின் கடைசி மேடை. 2014-ல், அவர் இனி திரும்ப மாட்டார் என்று குழு அறிவித்தது. ஸ்டீவி மறுபடியும் வந்து அந்த இடத்தில் நின்றார், இந்த முறை நிரந்தரமாக.

நடுவே ஒரு வேடிக்கையும் நடந்தது. 2016-ல் காது கேட்கும் திறன் பாதிக்கப்பட்டு பிரையன் ஜான்சன் விலக, அவருக்குப் பதிலாகப் பாட வந்தவர் 'கன்ஸ் அண்ட் ரோசஸ்' பாடகர் ஆக்ஸல் ரோஸ். மேடையில் பாய்ந்து பாய்ந்து ஓடுவதற்குப் பேர்போன அவருக்குச் சரியாக அந்த நேரம் பார்த்துக் கால் எலும்பு முறிந்திருந்தது. இன்னொரு குழுவின் டேவ் குரோல், தன் கால் முறிந்தபோது செய்துவைத்திருந்த சிம்மாசனத்தை இவருக்கு இரவல் கொடுத்தார். லிஸ்பன் நகரில் மே 7-ம் தேதி நடந்த முதல் நிகழ்ச்சியில், பாடகர் ராஜா மாதிரி உட்கார்ந்தே பாடினார். ஓட வேண்டிய பங்கு முழுவதும் 61 வயது அங்கஸின் கால்களுக்கு வந்து சேர்ந்தது.

2017 நவம்பர் 18-ம் தேதி மால்கம் இறந்தார். வயது 64. அண்ணன் ஜார்ஜ் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சிட்னியின் செயின்ட் மேரிஸ் தேவாலயத்தில் இறுதி வழிபாடு நடந்தது. பேக்பைப் ஒலித்தது. தேவாலயத்திலிருந்து வெளியே வந்த அங்கஸின் கையில் அண்ணனின் கிட்டார் இருந்தது. அன்று எடுத்த படங்களில் சீருடை இல்லை, தொப்பி இல்லை. கறுப்பு உடையில், மெதுவாக நடந்துவரும் ஒரு வயதான மனிதர்தான் தெரிகிறார்.

மறுபடியும் மெல்போர்ன்

2025 நவம்பர் 12-ம் தேதி, பத்து ஆண்டுகள் கழித்து ஏசி/டிசி சொந்த நாட்டு மேடைக்குத் திரும்பியது. இடம், ஒரு லட்சம் பேர் கொள்ளும் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம். நம் வீட்டு வரவேற்பறைகளில் டி.வி வழியாகப் பாக்சிங் டே டெஸ்ட் ஓடுமே, அதே எம்.சி.ஜி. ஏசிடிசி லேனிலிருந்து நடந்தே போய்விடலாம்.

அன்று, ஸ்வான்ஸ்டன் தெருவின் தென்கோடிக்கு எதிரே இருக்கும் ஃபெடரேஷன் சதுக்கத்தில் பேக்பைப் கலைஞர்கள் 374 பேர் ஒன்றுகூடி, லாரியில் படமாக்கிய அந்தப் பழைய பாடலை ஒன்றாக வாசித்தார்கள். உலக சாதனை என்றார்கள். ஊரே கேட்டது.

இரவு, 70 வயது அங்கஸ் சீருடையில் வந்தார். முடி மொத்தமும் வெள்ளை. ஒற்றைக்கால் நடை முன்பைவிட மெதுவாகிவிட்டது, ஆனாலும் இருக்கிறது. நீண்ட சோலோவின்போது தனியாகப் பிரிந்துபோய், கூட்டத்தைக் கையசைத்துக் கத்த வைக்கும் வழக்கமும் இருக்கிறது. டிரம்மர் புதியவர், பேஸ் கிட்டாரிஸ்ட் புதியவர்.

டிரம்ஸுக்குப் பக்கத்தில், கிரெட்ச் கிட்டாரோடு ஸ்டீவி நின்றிருந்தார். கோரஸ் வந்தபோது மைக் வரை முன்னே வந்தார். பாடினார். அப்படியே பின்னே போய், சித்தப்பா நின்ற இடத்தில் நின்றுகொண்டார்.